இளம் ரோபோ ஆய்வாளரை விருதுக்குப் பரிந்துரைப்பது எப்படி?

ரோபோட்டிக்ஸ், ஆட்டோமேஷன் துறைகளில் முனைவர் பட்டம் முடித்துச் சில ஆண்டுகளே ஆனவர்களுக்கென்று தனி விருதுகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தகுதியானவர்கள் பலர் நம் பக்கத்து லேபிலேயே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய பெயர் விருதுக் குழுவின் முன்னால் போவதே இல்லை. திறமை குறைவு என்பதால் அல்ல. யாரும் உட்கார்ந்து பரிந்துரை எழுதவில்லை, அவ்வளவுதான். நல்ல வேலை செய்தால் தானாகத் தெரிந்துவிடும் என்று நாம் நம்புகிறோம். விருதுக் குழுவோ தன்னிடம் வந்த காகிதங்களை மட்டும்தான் படிக்கும். வராத பெயரைத் தேடிப் போகாது.

முதல்முறையாகப் பரிந்துரை எழுதப்போகிற கைடு, துறைத் தலைவர், நிறுவனத்தில் ஆராய்ச்சிக் குழுவை நடத்துபவர், மூத்த சக ஆய்வாளர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நீங்களே அந்த இளம் ஆய்வாளர் என்றால், படித்துவிட்டு உங்கள் மூத்தவர் ஒருவரிடம் கொடுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பேச்சுக்கு வசதியாக ஒரு விருதை நடுவில் வைத்துக்கொள்வோம்: மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ-ட்ரிபிள்-இயின் ரோபோட்டிக்ஸ் அண்ட் ஆட்டோமேஷன் சொசைட்டி வழங்கும் இளம் ஆய்வாளர் விருது. பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பிரிவு, அரசு நிறுவனங்களிலும் தொழில்துறையிலும் இருப்பவர்களுக்கு இன்னொரு பிரிவு. துறையின் மிகப் பெரிய மாநாடான இக்ராவை நடத்துவதும் இதே சொசைட்டிதான். 1984-இல் அட்லாண்டாவில் தொடங்கிய மாநாடு அது. இந்த விருதுக்குப் பரிந்துரை எழுதக் கற்றுக்கொண்டால் மற்றவற்றுக்கும் அதே பழக்கம் கைகொடுக்கும்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

"இளம்" என்பதை ஒவ்வொரு விருதும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுகிறது. சிலவற்றில் வயது, சிலவற்றில் பட்டம் வாங்கிய ஆண்டு. மேலே சொன்ன விருது, கடைசியாகப் பெற்ற உயர்ந்த பட்டத்திலிருந்து ஏழு ஆண்டுகளைக் கணக்கில் எடுக்கிறது. இந்திய அரசின் அறிவியல் விருதுகளான ராஷ்ட்ரிய விக்ஞான் புரஸ்கார் வரிசையில் உள்ள விக்ஞான் யுவ சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதுக்கோ வயதுதான் அளவுகோல்: 45 வரை. ஐந்தாறு வருடம் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு அப்புறம் முனைவர் பட்டத்துக்கு வந்தவருக்குப் பட்ட ஆண்டைப் பார்க்கும் விருது தோதாக இருக்கும். இருபத்தாறு, இருபத்தேழு வயதிலேயே பட்டம் முடித்தவருக்கு வயதைப் பார்க்கும் விருதில் நிறைய அவகாசம் கிடைக்கும்.

ஆகவே முதல் வேலை, அவருடைய பட்டச் சான்றிதழில் உள்ள தேதியைக் கேட்டு வாங்குவது. வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிந்த நாளும் பட்டமளிப்பு விழா நாளும் வேறு வேறு. எந்த நாளை எடுக்கிறார்கள் என்பதை அந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். பிரசவம், நோய், குடும்பப் பொறுப்பு என்று இடைவெளி விட்டிருந்தால் அதையும் கேளுங்கள். ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சில் தன்னுடைய நல்கைகளில், அதாவது ஆராய்ச்சி நிதியுதவிகளில், தாய்மார்களுக்குக் குழந்தை ஒன்றுக்குப் பதினெட்டு மாதம் கூடுதலாகக் கொடுக்கிறது. எல்லா விருதிலும் இப்படி எழுதிவைத்திருக்க மாட்டார்கள். எழுதியில்லை என்றால் விதி கிடையாது என்று நாமே முடிவுகட்டிவிடாமல் விருதுக் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்பது நல்லது. இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதால் வெளியே நின்றுபோனவர்களில் பெண்கள் அதிகம் என்பது என் எண்ணம். கேட்க வேண்டிய பொறுப்பு பரிந்துரைப்பவருடையது. அந்தச் சுமையை அவர்கள் தலையிலேயே வைக்கக்கூடாது.

எந்தக் கதவு யாருக்கு

இந்தத் துறையில் அங்கீகாரம் படிப்படியாக இருக்கிறது. ஆரம்பத்திலேயே பெரிய விருதைக் குறிவைக்க வேண்டியதில்லை.

பட்டம் முடிக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்குப் பயனியர்ஸ் எனப்படும் பயிலரங்குகள் உண்டு. மனித-ரோபோ ஊடாட்டத்துக்கான எச்.ஆர்.ஐ. மாநாட்டில் 2006 முதலும், ரோபோட்டிக்ஸ்: சயன்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் மாநாட்டில் 2017 முதலும் இவை நடக்கின்றன. இவற்றுக்கு ஆய்வாளர் தானே விண்ணப்பிக்கலாம். ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு சமர்ப்பித்தவர்களுக்கு ஜார்ஜ் ஜிரால்ட் பெயரில் ஆண்டுதோறும் சிறந்த முனைவர் ஆய்வேட்டு விருது தருகிறார்கள். அடுத்தது மாநாட்டுச் சிறந்த பேப்பர் விருதுகள். இவை பெரும்பாலும் மாநாட்டுக்குப் போன பேப்பர்களிலிருந்தே தேர்வாகும், நீங்கள் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதற்கு மேலேதான் இளம் ஆய்வாளர் விருதுகள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒருவர் தன்னைத் தானே முன்மொழிய முடியாது, இன்னொருவர் எழுத வேண்டும்.

நல்கைகளும் ஒருவகை அங்கீகாரம்தான். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை தரும் கேரியர் விருது பெயரில்தான் விருது. உண்மையில் உதவிப் பேராசிரியர்களுக்கான ஐந்தாண்டு ஆராய்ச்சி நிதி. ஆனால் அதற்கான எழுத்து வேறு மாதிரி. நல்கைக்கு இனிமேல் செய்யப்போவதைச் சொல்ல வேண்டும், விருதுக்கு இதுவரை செய்ததைச் சொல்ல வேண்டும். நல்கை விண்ணப்பத்தை வெட்டி ஒட்டி விருதுப் பரிந்துரையாக அனுப்புகிறவர்கள் உண்டு. படிப்பவருக்கு இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும்.

ஒரே ஒரு பங்களிப்பைத் தேடுங்கள்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். நிதானமாகச் செய்யுங்கள்.

பரிந்துரையைத் திறந்ததும் பொதுவாக என்ன இருக்கும்? இத்தனை பேப்பர், மற்ற ஆய்வாளர்கள் அவற்றைச் சுட்டிய மேற்கோள் இத்தனை, இத்தனை லட்சம் நிதி, இத்தனை மாணவர்கள். எல்லாருக்கும் இந்தப் பட்டியல் இருக்கிறது. விருதுக் குழு தேடுவது, இவர்தான் செய்தார் என்று தனியாக எடுத்துக் காட்டக்கூடிய ஒரு பங்களிப்பை. அதனால் துறை எங்கே நகர்ந்தது என்பதையும்தான்.

ஓர் உதாரணத்தைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். ரோபோவின் கை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எதிலும் முட்டாமல் போக வழி கண்டுபிடிக்க வேண்டும். 1998-இல் ஸ்டீவன் லாவல் ஆர்.ஆர்.டி. என்ற வழிமுறையை வெளியிட்டார். சாத்தியமான நிலைகளில் ஏதோ ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து, அதை நோக்கி ஒரு கிளையை நீட்டுவது, மறுபடி இன்னொன்று, மறுபடி இன்னொன்று என்று மரம் போல வளர்த்துக்கொண்டே போவது. வழி சீக்கிரம் கிடைத்துவிடும். ஆனால் அது சுற்றுவழியாக இருக்கலாம். நேரம் அதிகம் கொடுத்தால் வழி மேலும் மேலும் நேராகுமா என்ற கேள்வி பல ஆண்டுகள் அப்படியே நின்றது.

2011-இல் செர்ட்டாச் கராமன், எமிலியோ ஃப்ராஸோலி இருவரும் அதற்கு விடை எழுதினார்கள். பழைய முறை எவ்வளவு நேரம் ஓடினாலும் மிகச் சிறந்த வழியை நோக்கிப் போகாது என்று கணிதமாகவே நிறுவினார்கள். கூடவே, புதுப் புள்ளி ஒன்று சேரும்போதெல்லாம் அக்கம்பக்கத்துக் கிளைகளைப் பிரித்து மாற்றிக் கட்டும் ஆர்.ஆர்.டி. ஸ்டார் என்ற முறையைக் கொடுத்தார்கள். அது நேரம் கூடக்கூடச் சிறந்த வழியை நெருங்கும். கராமன் அப்போது எம்.ஐ.டி.யில் முனைவர் பட்ட மாணவர். 2012-இல் பட்டம் பெற்றார். 2017-இல் நாம் பேசிக்கொண்டிருக்கும் அந்த இளம் ஆய்வாளர் விருது அவருக்குக் கிடைத்தது.

விருதுக் குழு அவருடைய எந்தெந்த வேலைகளை எப்படி எடைபோட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பரிந்துரை எழுதுகிறவர் கண்ணால் அந்தப் பங்களிப்பைப் பாருங்கள். அது மூன்று வாக்கியத்தில் அடங்குகிறது: முன்பு என்ன தெரியாமல் இருந்தது, இவர் என்ன செய்தார், பிறகு என்ன மாறியது. மூன்றாவது வாக்கியத்துக்கான சான்றும் வெளிப்படையாகக் கிடக்கிறது. ரைஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ஓ.எம்.பி.எல். என்ற ஓப்பன் சோர்ஸ் நூலகத்தில் இந்த முறை இருக்கிறது. ரோபோக் கையின் அசைவைத் திட்டமிடும் மூவிட் என்ற மென்பொருள் அந்த நூலகத்தைப் பயன்படுத்துகிறது. மூவிட்டில் ரோபோக் கையை ஓட்டிப் பார்க்கும் கல்லூரி மாணவர் ஒரு பட்டியலிலிருந்து ஆர்.ஆர்.டி. ஸ்டாரைத் தேர்ந்தெடுக்கலாம், அதை உருவாக்கியவர் பெயர் தெரியாமலேயே. இப்படிப்பட்ட சான்றைத்தான் தேட வேண்டும்.

உங்கள் ஆய்வாளரை எதிரே உட்காரவைத்து இந்த மூன்று வாக்கியங்களை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். முதலில் அவர் ஆறேழு பேப்பரை அடுக்குவார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதில் எதை எடுத்துவிட்டால் மற்றவர்களுடைய வேலை நின்றுபோகும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் பரிந்துரையின் முதல் பத்தி. பதில் வரவில்லை என்றால் இன்னும் ஓராண்டு காத்திருக்கலாம். அதுவும் நேர்மையான முடிவுதான்.

மேற்கோள் எண்ணிக்கையோடு நிற்காதீர்கள்

ரோபோட்டிக்ஸில் மேற்கோள் எண்ணிக்கை பாதிக் கதையைத்தான் சொல்லும். எங்கே வெளியானது என்பதும் அப்படித்தான். ஆர்.ஆர்.டி. முதலில் வெளிவந்தது ஒரு பல்கலைக்கழகத் தொழில்நுட்ப அறிக்கையாக. பெரிய ஆய்விதழில் அல்ல. ரோபோவின் பாகங்களை ஒருங்கிணைத்து இயக்க உதவுவதும் இன்று உலகம் முழுக்க ரோபோ லேபுகளில் ஓடுவதுமான ராஸ் மென்பொருளைப் பற்றிய பேப்பர், 2009-இல் ஜப்பானின் கோபேயில் நடந்த இக்ரா மாநாட்டில், ஒரு பயிலரங்கில்தான் வெளியானது. ஆய்விதழின் தர எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இரண்டுமே கண்ணில் பட்டிருக்காது.

அதனால் வேறு என்னென்ன சான்று சேர்க்கலாம்?

கோடு, அதாவது கணினி நிரல். ஸ்பெயினின் சரகோசா பல்கலைக்கழகத்தில் ராவுல் முர்-ஆர்ட்டல் முனைவர் பட்ட மாணவராக இருந்தபோது உருவான ஓ.ஆர்.பி. ஸ்லாமை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கேமராவை வைத்துக்கொண்டு ரோபோ தான் இருக்கும் இடத்தைக் கண்டறிந்து, சுற்றுப்புறத்தின் வரைபடத்தையும் போட்டுக்கொள்ளும் முறை அது. 2015-இல் ஓர் ஆய்விதழில் பேப்பர் வந்தது, அந்த ஆய்விதழின் அந்த ஆண்டுக்கான சிறந்த பேப்பர் விருதும் கிடைத்தது. கூடவே கோடையும் திறந்து வைத்தார்கள். புதிதாக ஸ்லாம் முறை எழுதுகிற எவரும் "அதைவிட என் முறை எவ்வளவு தேவலை?" என்று ஒப்பிட்டுக் காட்டும் அளவுகோலாக அது மாறிவிட்டது. உங்கள் ஆய்வாளரின் கோடுக்கு, கோடு பகிரும் தளமான கிட்ஹப்பில் எத்தனை நட்சத்திரம் என்பதைவிட, அதை யார் எடுத்து எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது வலுவான சான்று. "இஷ்யூஸ்" பக்கத்தைத் திறந்து பாருங்கள். முகம் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ "என் ரோபோவில் இது இந்த இடத்தில் நிற்கிறது" என்று எழுதியிருப்பார், நம் ஆய்வாளர் பொறுமையாகப் பதில் சொல்லியிருப்பார். அந்த உரையாடலில் ஒன்றிரண்டைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

களம். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ஹோமோசெப் நல்ல உதாரணம். கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதரை இறக்காமல் சுத்தம் செய்யும் இயந்திரம் அது. ஒரு முதுநிலை மாணவரின் இறுதியாண்டுத் திட்டமாகத் தொடங்கி, சொலினாஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து வளர்ந்து, 2022-இல் தமிழ்நாட்டில் களத்துக்கு வந்தது. முதலில் கொடுக்கப்பட்ட இயந்திரங்கள், தூய்மைப் பணியில் கணவரை இழந்த பெண்கள் நடத்தும் சுயஉதவிக் குழுக்களிடம் போயின. இப்படிப்பட்ட வேலைக்கு மேற்கோள் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். தொட்டியின் வாய் எவ்வளவு குறுகல், அடியில் கெட்டிப்பட்ட கசடு எப்படி இருக்கும், இயந்திரத்தை ஓட்டப்போகிறவருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்பதெல்லாம் பேப்பரில் ஒரு வரியாகப் போய்விடும். ஆனால் மாதக்கணக்கில் உழைப்பைத் தின்றது அந்த ஒரு வரிதான். பரிந்துரையில் அதற்கு இடம் கொடுங்கள். எத்தனை இடங்களில் ஓடுகிறது, யார் ஓட்டுகிறார்கள், பழுதானால் யார் பார்க்கிறார்கள் என்று எழுதுங்கள்.

தொழிற்சாலை. ஆட்டோமேஷன் பக்கம் இருப்பவர்கள் இன்னும் பாவம். நாலு கால் ரோபோ படியேறும் வீடியோ பத்து வினாடியில் பரவிவிடும். உற்பத்தி வரிசையில் எந்திரங்களின் அட்டவணையைச் சரிசெய்து காத்திருப்பு நேரத்தைக் குறைத்தவருக்கு வீடியோவே கிடையாது. இவர்களுக்காக எழுதும்போது ஒரு வசதி இருக்கிறது. ஐ-ட்ரிபிள்-இயின் ஆட்டோமேஷன் ஆய்விதழில் வரும் ஒவ்வொரு பேப்பரிலும் களத்தில் வேலை செய்பவர்களுக்கென்று எளிய மொழியில் ஒரு குறிப்பு சேர்க்க வேண்டும் என்பது வழக்கம். உங்கள் ஆய்வாளர் அங்கே எழுதியிருந்தால் அந்தக் குறிப்பிலிருந்து தொடங்குங்கள். பாதி வேலை முடிந்தது.

பேட்டன்ட் இருந்தால் சேர்க்கலாம். ஆனால் விண்ணப்பித்தது, வழங்கப்பட்டது, யாரோ பணம் கொடுத்துப் பயன்படுத்துவது என்ற மூன்றும் வேறு வேறு. தெளிவாகப் பிரித்து எழுதுங்கள்.

அவர் கை எது, குழுவின் கை எது

ரோபோ ஒருவரால் ஆவதில்லை. மெக்கானிக்கல் ஒருவர், கன்ட்ரோல் ஒருவர், கேமரா ஒருவர், எல்லாருக்கும் மேலே கைடு. பேப்பரில் ஏழு பெயர் இருக்கும். விருதுக் குழுவுக்கு உடனே எழும் சந்தேகம்: இதில் இவர் செய்தது என்ன?

இந்தச் சந்தேகத்தை நீங்களே முந்திக்கொண்டு தீர்த்துவிட வேண்டும். முக்கியமான பேப்பர்கள் ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி: யோசனை யாருடையது, இயந்திரத்தைக் கட்டியது யார், கோடு எழுதியது யார், சோதனை நடத்தியது யார். கூட எழுதியவர்களிடம் காட்டிச் சம்மதம் வாங்கிவிட்டு இதைச் சேர்த்துவிடுங்கள். இதில் ஒருவருடைய பங்கை இன்னொருவருக்கு மாற்றி எழுதிவிட்டால் பரிந்துரையோடு முடியாது, லேபே இரண்டாகும்.

முனைவர் பட்டக் கைடின் நிழலும் ஒரு பிரச்சினை. பட்டம் முடிந்த பிறகும் எல்லாப் பேப்பரிலும் அதே கைடின் பெயர் இருந்தால், இது யாருடைய ஆராய்ச்சி என்று கேட்பார்கள். கைடு இல்லாமல், புது இடத்தில், புதுக் கேள்வியோடு செய்த ஒரு வேலையாவது இருக்கிறதா என்று பாருங்கள். 2019-இல் இதே விருதைப் பெற்ற ஜானெட் போக் ஸ்டாக்ஹோமில் முனைவர் பட்டம் வாங்கி, ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இருந்துவிட்டு, ஸ்டான்ஃபோர்டுக்குப் போய்த் தன் குழுவைத் தொடங்கியவர். அந்தக் குழு பங்கேற்ற, பார்வையையும் தொடுவுணர்வையும் சேர்த்து ரோபோவுக்குக் கற்றுக்கொடுக்கும் பேப்பர் 2019 இக்ராவில் சிறந்த பேப்பர் விருது வாங்கியது. இடம் மாற வேண்டும் என்பதல்ல நான் சொல்வது. ஒரே கல்லூரியில் படித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர்கள் நம்மிடம் நிறையப் பேர், அதற்குக் குடும்பக் காரணங்களும் இருக்கும். அவர்களுக்கு இந்தப் பகுதியை இன்னும் கவனமாக எழுத வேண்டியிருக்கும், அவ்வளவே.

ஆதரவுக் கடிதங்கள்

பரிந்துரைப்பவர் ஒருவர், அவருக்கு ஆதரவாகக் கடிதம் எழுதுபவர்கள் சிலர். எத்தனை பேர், எத்தனை பக்கம் என்பது அறிவிப்பில் இருக்கும், அதை மீறாதீர்கள். விருதுக் குழுவில் இருப்பவர் எழுதக்கூடாது என்பது பொதுவான விதி. குழு உறுப்பினர்களின் பட்டியலை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

யாரைக் கேட்பது? நம் வழக்கம், பதவியில் பெரியவர் யார் என்று தேடுவது. துணைவேந்தர் கையெழுத்திட்ட கடிதம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அவருக்கு ஆய்வாளரின் வேலை தெரியாது என்பது படிப்பவருக்குத் தெரியும். அதைவிட, ஆய்வாளரை நேரில் பார்த்தே இராத, ஆனால் அவருடைய முறையைத் தன் லேபில் ஓட்டிப் பார்த்த வெளிநாட்டுப் பேராசிரியர் எழுதும் அரைப் பக்கம் கனமானது. அப்படிப்பட்டவரை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆய்வாளரின் பேப்பரை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறந்து, போகிற போக்கில் குறிப்பிட்டவர்களை விட்டுவிட்டு, முறையைப் பயன்படுத்தியவர்களை மட்டும் பொறுக்குங்கள். மூன்று நாலு பெயர் தேறும். அவர்களுக்கு மின்னஞ்சல் போடத் தயங்காதீர்கள். தங்களுக்குப் பயன்பட்ட ஒன்றைப் பற்றி நாலு வார்த்தை எழுதப் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. ஒருவர் கைடு, ஒருவர் முறையைப் பயன்படுத்திய வெளியாள், ஒருவர் தொழில்துறைக்காரர் என்று அமைந்தால் நல்லது.

கேட்கும்போது என்ன அனுப்ப வேண்டும் என்பதும் முக்கியம். நாற்பது பக்க தற்குறிப்பை மட்டும் அனுப்பினால், அவர்கள் அதிலிருந்து பொதுவாக எதையாவது எடுத்து எழுதிவிடுவார்கள். நீங்கள் தயாரித்த அந்த மூன்று வாக்கியங்கள், இரண்டு பேப்பர், "நீங்கள் இதை எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்பதை மட்டும் எழுதினால் போதும்" என்ற வேண்டுகோள் ஆகியவற்றை அனுப்புங்கள். கடிதத்தை நீங்களே எழுதிக் கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள். மூன்று கடிதமும் ஒரே குரலில் இருந்தால் குழுவுக்குப் புரிந்துவிடும்.

நல்ல கடிதத்துக்கும் வெறும் கடிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு கற்பனை ஆய்வாளரை வைத்துக் காட்டுகிறேன். தக்காளியை நசுக்காமல் பறிக்கும் ரோபோக் கையில் அவர் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு கடிதம் இப்படி இருக்கிறது: "இவர் மிகச் சிறந்த ஆய்வாளர். கடும் உழைப்பாளி. எல்லாருடனும் இனிமையாகப் பழகுவார். இவருடைய ஆராய்ச்சி உலகத் தரம் வாய்ந்தது. இந்த விருதுக்கு முழுத் தகுதி உடையவர்." இதில் பெயரை மாற்றி யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்.

இன்னொன்று: "பழம் விரலிலிருந்து நழுவப்போகிறது என்பதை நழுவிய பிறகுதான் எங்கள் கை உணர்ந்துகொண்டிருந்தது. இவருடைய முறை நழுவுவதற்கு முன்பே ஏற்படும் சிறு அதிர்வைப் பிடிக்கிறது. அவர் வெளியிட்ட கோடை எடுத்து எங்கள் லேபில் வேறொரு சென்சாரோடு ஓட்டினோம். இரண்டு இடங்களில் மாற்ற வேண்டியிருந்தது. அவரே நேரம் ஒதுக்கி உதவினார். இப்போது என் மாணவர்கள் இருவரின் ஆய்வு இதன் மேல்தான் நிற்கிறது." இங்கே புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் படித்து முடித்ததும் அவர் யார் என்று தெரிந்துவிடுகிறது.

நம் ஊர்ப் பரிந்துரைக் கடிதங்களில் குணநலனுக்கு நிறைய இடம் கொடுப்போம். அன்போடுதான் செய்கிறோம். ஆனால் ஒரு பெண் ஆய்வாளரைப் பற்றி எழுதும்போது "பொறுப்பானவர், பணிவானவர், மாணவர்களிடம் அக்கறை உள்ளவர்" என்று மட்டும் நிரம்பி, அவர் கண்டுபிடித்தது கடைசி வரிக்குத் தள்ளப்படுவதை அடிக்கடி பார்க்க முடிகிறது. எழுதி முடித்ததும் ஒருமுறை படியுங்கள். இதே கடிதத்தை ஓர் ஆணுக்கு இப்படி எழுதியிருப்பேனா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் வரிசையை மாற்றுங்கள்.

எழுதி, சேர்த்து, அனுப்புவது

கடைசித் தேதிக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கினால் நிம்மதியாக முடிக்கலாம். முதல் மாதம் பங்களிப்பையும் சான்றையும் சேர்ப்பது. இரண்டாவது மாதம் கடிதம் கேட்பது. கேட்டவர்களுக்குக் குறைந்தது நாலு வாரம் கொடுங்கள், நடுவில் ஒருமுறை பணிவாக நினைவூட்டுங்கள். மூன்றாவது மாதம் உங்கள் சொந்த எழுத்து.

படிவத்தில் "சைட்டேஷன்" என்று ஒரு பெட்டி இருக்கும். விருது கிடைத்தால் மேடையில் வாசிக்கப்படும் ஒற்றை வரி அது. பலர் இதைக் கடைசி நிமிடத்தில் நிரப்புகிறார்கள். முதலில் எழுத வேண்டியதே இதுதான் என்பேன். அந்த வரியில் அடங்காத எதையும் மீதிப் பக்கங்களில் அதிகம் இழுக்காதீர்கள். குழுவில் உள்ள எல்லாரும் உங்கள் உட்துறையைச் சேர்ந்தவர்களாக இருக்க மாட்டார்கள். நீருக்கடி ரோபோக்காரருக்கும் அறுவைச் சிகிச்சை ரோபோக்காரருக்கும் ஒரே வாசிப்பில் புரிய வேண்டும். உட்துறைக்கு வெளியே உள்ள ஒரு சக ஆசிரியரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே நிறுத்திக் கேள்வி கேட்கிறாரோ அங்கே திருத்துங்கள்.

அனுப்புமுன் உறுப்பினர் நிபந்தனையைப் பாருங்கள். சொசைட்டி விருதுகளில் ஆய்வாளர் அந்தச் சொசைட்டியின் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று கேட்கலாம். சந்தா காலாவதியாகி இருந்தால் உடனே புதுப்பிக்கச் சொல்லுங்கள். கடிதம் எழுதுபவர்கள் நேரடியாக இணையத்தில் ஏற்ற வேண்டியிருந்தால், எல்லாருடையதும் வந்து சேர்ந்துவிட்டதா என்று கடைசித் தேதிக்கு முந்தைய வாரமே பாருங்கள். ஒரு கடிதம் வராததால் முழுப் பரிந்துரையும் ஒதுக்கப்படலாம்.

முடிவு வந்த பிறகு

கிடைக்காமல் போக வாய்ப்பு அதிகம். உலகம் முழுவதிலிருந்தும் வரும் பெயர்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான் தருகிறார்கள். ஆய்வாளருக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள். பரிந்துரைப்பதை அவரிடம் சொல்லாமல் ரகசியமாக வைக்கும் பழக்கமும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவர் உட்கார்ந்து நம் வேலையைப் படித்து மூன்று வாக்கியத்தில் எழுதியிருக்கிறார் என்பதே, நிரந்தர வேலை இல்லாமல் ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு போஸ்ட்டாக்குக்கு, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பின் ஆய்வு செய்பவருக்கு, பெரிய பலம்.

அந்தக் கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். அதே மூன்று வாக்கியங்களை வைத்துக்கொண்டு வேறு கதவுகளைத் தட்டலாம். ஒரு பயிலரங்கில் அழைப்புரைக்கு அவர் பெயரைச் சொல்லலாம். ஆய்விதழில் பேப்பர் சரிபார்ப்பவராக, பிறகு துணை ஆசிரியராகச் சேர்க்கச் சொல்லலாம். இந்தியாவின் ரோபோட்டிக்ஸ் சொசைட்டி நடத்தும் அட்வான்ஸஸ் இன் ரோபோட்டிக்ஸ் மாநாடு 2019-இல் சென்னை ஐ.ஐ.டி.யிலேயே நடந்தது, அப்படி நம் பக்கத்தில் மாநாடு வரும்போது ஒரு அமர்வைத் தலைமையேற்று நடத்த அவரை முன்னிறுத்தலாம். கல்லூரிக்குள்ளேயே செய்யக்கூடியதும் உண்டு. சம்பளம் கூட்ட நம்மால் முடியாமல் போகலாம். ஆனால் பாடச் சுமையில் ஒரு தாளைக் குறைத்து லேபுக்கு நேரம் கொடுப்பது, புது சென்சார் வாங்கும் கோப்பை மேசையில் தேங்கவிடாமல் நகர்த்துவது, செய்திக்குறிப்பில் கைடின் பெயருக்கு முன்னால் அவர் பெயரைப் போடுவது ஆகியவை துறைத் தலைவர் கையிலேயே இருக்கின்றன. இவற்றுக்கு எந்தக் குழுவின் ஒப்புதலும் வேண்டாம்.

அடுத்த ஆண்டு மறுபடி அனுப்புவதாக இருந்தால் பழைய கோப்பை அப்படியே அனுப்பாதீர்கள். கடந்த பன்னிரண்டு மாதங்களில் அந்த மூன்றாவது வாக்கியத்தில் என்ன சேர்ந்தது என்று அவரிடம் கேளுங்கள். புதிதாக யார் பயன்படுத்தத் தொடங்கினார்கள் என்று பார்த்து, கடிதம் எழுதியவர்களில் ஒருவரையாவது மாற்றுங்கள். பட்டத் தேதியை மறுபடி எடுத்து வைத்து, ஏழு ஆண்டில் இன்னும் எத்தனை சுற்று மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். கடைசிச் சுற்று என்றால் அதை ஆதரவுக் கடிதம் எழுதுபவர்களிடமும் சொல்லிவிடுங்கள். அவர்கள் நேரத்தோடு எழுதிக் கொடுப்பார்கள்.